ஜாமீன் கையெழுத்தும் அயல்நாட்டுப் போரும்

வலிமை மிக்க எந்த நாடும் நெடுங்காலப் போர் ஒன்றில் சிக்கிக் கொள்வது என ஒரே நாளில் முடிவெடுப்பதில்லை. சிறிய, நியாயமானதாகத் தோன்றும், உடனே திரும்பிவிடலாம் என நம்பத்தக்க ஒரு முதல் அடியில்தான் எல்லாம் தொடங்குகிறது. 1965 மார்ச்சில் வியத்நாமின் டா நாங் கடற்கரையில் இறங்கிய அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஏறத்தாழ 3,500 பேர். ஒரு விமானதளத்தைக் காப்பது மட்டுமே அவர்களுக்கு இடப்பட்ட பணி. நான்கே ஆண்டுகளில் அங்கிருந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது.

இதற்குச் சான்று தேடி நாம் பசிபிக் பெருங்கடலைக் கடக்க வேண்டியதில்லை. பாக் நீரிணையைக் கடந்தாலே போதும். 2025 ஏப்ரலில் இலங்கை சென்ற பிரதமர் நரேந்திர மோடி, கொழும்புக்கு அருகிலுள்ள இந்திய அமைதிப்படை நினைவிடத்தில் மலர்வளையம் வைத்தார். அங்கு நினைவுகூரப்படும் வீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர். அவர்களுக்கு அஞ்சலி செலுத்துவது கடமை. அவர்கள் ஏன் அங்கு சென்றார்கள் எனக் கேட்பது அதனினும் பெரிய கடமை.

நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் தமிழகக் கரைக்கு வந்து சேர்ந்தனர். 1987-க்குள் அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. இந்தியா ஒருபுறம் போராளி இயக்கங்களுக்குப் பயிற்சி அளித்தது. மறுபுறம் கொழும்புடன் சமரசம் பேசியது. 1985-இல் திம்புவில் நடந்த பேச்சுவார்த்தை பயன் தரவில்லை. 1987 மே மாதம் வடமராட்சியில் இலங்கை ராணுவம் பெரும் தாக்குதலைத் தொடங்கியது. இந்தியா படகுகளில் அனுப்பிய நிவாரணப் பொருள்களை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் போர் விமானங்களின் பாதுகாப்புடன் பறந்து சென்று யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலங்களை வீசின. எட்டு வாரங்களுக்குள், ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மறுநாளே இந்தியப் படைகள் யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கின.

பயிற்சியாளர், நடுவர், நிவாரணம் வழங்குபவர், காவலர் என நான்கு ஆண்டுகளில் இந்தியா நான்கு வேடங்களைப் புனைந்தது. ஒவ்வொரு வேடமும் முந்தைய வேடத்தின் தவிர்க்க இயலாத தொடர்ச்சியாகவே அன்று தோன்றியது. ஐந்தாவது வேடமான போராளியை எவரும் திட்டமிடவில்லை. அது மற்ற நான்கின் விளைவாக வந்து சேர்ந்தது.

இந்தச் சறுக்கலின் திறவுகோல் ஒப்பந்தத்தின் ஒரு வாசகத்திலேயே இருக்கிறது. அதன் தீர்வுகளுக்கு இந்திய அரசு பொறுப்பேற்று உத்தரவாதம் அளிக்கும் என்பதே அது. நம் ஊர்வழக்கில் சொன்னால், இது ஜாமீன் கையெழுத்து. கடன் வாங்கியவர் ஒருவர், கொடுத்தவர் ஒருவர். ஜாமீன் போட்டவர் மூன்றாமவர். தவணை தவறினால் வீடு தேடி வரும் நோட்டீஸ் மூன்றாமவருக்குத்தான். போர்நிறுத்தம் 48 மணி நேரத்துக்குள், அதன்பின் 72 மணி நேரத்துக்குள் ஆயுத ஒப்படைப்பு என ஒப்பந்தம் கூறியது. ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டிய விடுதலைப் புலிகள் அதில் கையெழுத்திடவில்லை. அதிகாரத்தைப் பகிர வேண்டிய கொழும்பு அரசுக்குள்ளேயே பிரதமர் பிரேமதாசா அதை எதிர்த்தார். இரு தரப்பின் வாக்குறுதிகளுக்கும் இந்தியா ஜாமீன் நின்றது. இரு தரப்பின் நடத்தையும் அதன் கட்டுப்பாட்டில் இல்லை. பொருளியலின் மொழியில், பயனைத் தீர்மானிப்பவர் ஒருவராகவும் செலவைச் சுமப்பவர் வேறொருவராகவும் இருக்கும்போது, தவறுபவருக்கு இழப்பே இல்லை.

இரண்டாவது காரணம், நோக்கங்களின் கலப்பு. ஒப்பந்தத்துடன் பரிமாறிக் கொள்ளப்பட்ட கடிதங்கள் தமிழர் உரிமையைப் பற்றியவை அல்ல. திருகோணமலைத் துறைமுகத்தை இந்திய நலனுக்கு எதிராக எந்த நாட்டின் ராணுவப் பயன்பாட்டுக்கும் தருவதில்லை, அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகளை இந்தியாவும் இலங்கையும் கூட்டாகச் சீரமைப்பது என்பன அவற்றில் இடம்பெற்றன. தன் பாதுகாப்பு நலனைப் பேணுவது எந்த நாட்டுக்கும் குற்றமன்று. ஆனால், மனிதநேயம், இன உரிமை, பிராந்திய மேலாதிக்கம் ஆகிய மூன்றையும் ஒரே படையின் தோளில் ஏற்றினால், எது நிறைவேறியதும் படை திரும்ப வேண்டும் என்பதைச் சொல்ல எவராலும் இயலாது. முடிவு எது என வரையறுக்கப்படாத பணிக்கு முடிவும் வராது.

மூன்றாவது காரணம், எவருடைய வாழ்வு பணயம் வைக்கப்பட்டதோ அவர்களைக் கேட்காதது. இது 1987-க்கு மட்டும் உரிய குறையன்று. 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்க வேண்டும் என எண்ணிக்கையாகவே தீர்மானித்தது. அவ்வாறு தாயகம் திரும்பியோரின் குடும்பங்கள், நான் வசிக்கும் பெருமாள்மலையை உள்ளடக்கிய கொடைக்கானல் மலைப்பகுதியிலும் வாழ்கின்றன. அவர்களுள் பலர் பிறந்த மண் கண்டிச் சீமையே. 'தாயகம்' என அரசுகள் குறித்த நிலத்தை அவர்கள் அதற்கு முன் பார்த்ததும் இல்லை. மக்களைக் கேளாமல் இரு தலைநகரங்கள் எழுதிய கணக்கு, மக்கள் மீதே எழுதப்பட்டது. 23 ஆண்டுகளுக்குப் பின்னும் அதே வழக்கம் தொடர்ந்தது.

விளைவு விரைவில் வந்தது. ஆகஸ்டில் மாலையிட்டு வரவேற்கப்பட்ட படை, அக்டோபர் 10 முதல் அதே மக்களின் தெருக்களில் போரிட்டது. உண்ணாவிரதமிருந்த திலீபன் செப்டம்பர் 26-இல் உயிர் நீத்தார். அடுத்த சில நாள்களில், கடலில் பிடிபட்ட 17 புலிகளில் 12 பேர் பலாலியில் நஞ்சருந்தி இறந்தனர். கிழக்கில் சிங்களக் குடிமக்கள் கொல்லப்பட்டனர். அதன்பின் போர் மூண்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பகுதியில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேரில் ஒருவரே உயிர் தப்பினார். அதே மாதம் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் நுழைந்தபோது மருத்துவர்கள், செவிலியர், நோயாளிகள் எனப் பலர் உயிரிழந்தனர். அந்த மருத்துவமனையை யாழ்ப்பாணம் இன்றும் மறக்கவில்லை, நாமும் மறக்கலாகாது.

ஏன் அப்போதே திரும்பவில்லை? பொருளியல் மாணவர்களுக்கு முதலில் கற்பிக்கப்படும் பாடங்களுள் ஒன்று, மீட்க முடியாத பழைய செலவை அடுத்த முடிவின் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது. வணிகர் இதை எளிதில் ஏற்பார். அரசியலில் இது கடினம். ஏனெனில், அங்கு செலவழிந்தது உயிர். 'இத்தனை வீரர்கள் இறந்த பின் திரும்பினால் அவர்களது தியாகம் வீணாகாதா?' என்னும் கேள்விக்கு எதிரே எந்த அமைச்சரும் வாய் திறக்கத் தயங்குவார். அந்தத் தயக்கமே மேலும் உயிர்களைக் கேட்கிறது. ஒரு டிவிஷனுடன் தொடங்கிய பணி, நான்கு டிவிஷன்கள் அளவுக்கு வளர்ந்தது.

வெளியேறும் நாளையும் இந்தியா தேர்ந்தெடுக்கவில்லை. 1988 டிசம்பரில் இலங்கை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரேமதாசா படைகள் வெளியேற வேண்டும் எனக் கெடு விதித்தார். புலிகளுக்கு அவரது அரசு ஆயுதம் வழங்கியது பின்னர் தெரியவந்தது. யாருக்காகப் படை சென்றதோ அவர்களும், யாருடைய அழைப்பின்பேரில் சென்றதோ அவர்களும் அதை வெளியேற்றக் கைகோத்தனர். 1990 மார்ச் 24-இல் கடைசிப் பிரிவு திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. சென்னையில் அதை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி செல்லவில்லை. 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நாடறியும்.

இங்கு ஒரு மறுப்பு எழும். 1983-க்குப் பின் இந்தியா கைகட்டி நின்றிருக்க வேண்டுமா? இல்லை. அகதிகளுக்குப் புகலிடம் அளித்ததும் கொழும்பின் மீது அழுத்தம் கொடுத்ததும் சரியே. மாகாண சபைகளை உருவாக்கிய 13-ஆவது சட்டத் திருத்தம் அந்த ஒப்பந்தத்தின் விளைவுதான். முழுமையாக நடைமுறைக்கு வராவிட்டாலும், இன்றும் ஈழத் தமிழர் அரசியலில் கையில் உள்ள சட்டப் பிடி அது ஒன்றே. கவனிக்க வேண்டியது, அதைப் பெற்றுத் தந்தது ராஜதந்திரம். துப்பாக்கி அதில் ஒரு சொல்லையும் கூட்டவில்லை.

பட்ட பின் கற்றோம் என்பதற்கும் சான்று உண்டு. 2000-இல் ஆனையிறவு வீழ்ந்து, யாழ்ப்பாணத்தில் இலங்கைப் படையினர் சூழப்பட்ட வேளையில் கொழும்பு உதவி கோரியது. இந்தியா படை அனுப்ப மறுத்தது. 2003-இல் இராக்குக்குப் படை அனுப்புமாறு அமெரிக்கா கேட்டது. வாஜ்பாய் அரசு அந்த ஜூலையில் மறுத்தது. அதற்கு முன்பே நாடாளுமன்றம் அந்தப் போருக்கு எதிராக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. வல்லரசின் வேண்டுகோளுக்கு 'இல்லை' எனச் சொல்ல அரசுக்கு அந்தத் தீர்மானம் அரணாயிற்று.

ஆயினும், இந்த நிதானம் தலைவர்களின் விவேகத்தைச் சார்ந்தது. சட்டத்தைச் சார்ந்தது அன்று. வெளிநாட்டுக்குப் படை அனுப்ப நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என நம் நாட்டில் கட்டாயம் இல்லை. அமெரிக்கா வியத்நாமில் பட்ட பின் 1973-இல் ஒரு சட்டம் இயற்றியது: படை இறங்கிய 48 மணி நேரத்துக்குள் அதிபர் நாடாளுமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும், ஒப்புதல் இன்றேல் 60 நாள்களில் படைகளைத் திரும்பப் பெறத் தொடங்க வேண்டும். அதன் அதிபர்கள் அதைப் பலமுறை வளைத்திருக்கிறார்கள் என்பது உண்மையே. இருப்பினும், கேள்வி கேட்க ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது.

இன்று இந்தியா உலகின் பெரும் பொருளாதாரங்களுள் ஒன்று. அதன் கடற்படை தொலைக் கடல்களில் உலவுகிறது. அதன் குடிமக்கள் மேற்காசியா முழுவதும் உழைக்கிறார்கள். நாளை ஏதோ ஒரு துறைமுகத்தைக் காக்கவோ, ஏதோ ஓர் ஒப்பந்தத்துக்குச் சாட்சி நிற்கவோ அழைப்பு வரும். அது பெருமைக்குரியதாகவும் தோன்றும். படை புறப்படுமுன் மூன்று கேள்விகளுக்கான விடை நாடாளுமன்றத்தில் எழுத்தில் வைக்கப்பட வேண்டும். எது நிறைவேறினால் படை திரும்பும்? எவர் வாக்குத் தவறினால் நாம் விலகுவோம்? அங்குள்ள மக்களைக் கேட்டோமா?

ஜாமீன் கையெழுத்துக்கு முன் பத்திரத்தைப் படித்துப் பார்ப்பதைக் கோழைத்தனம் என எவரும் சொல்வதில்லை. தன் குடும்பத்தின் சொத்தைப் பணயம் வைப்பவரிடம் நாம் எதிர்பார்க்கும் அந்தக் குறைந்தபட்ச எச்சரிக்கையை, தன் வீரர்களின் உயிரைப் பணயம் வைக்கும் அரசிடமும் எதிர்பார்ப்பதே முறை.