பாட்டியின் சமையலறையும் பஸ்காப் பட்டியலும்

பஸ்கா பண்டிகை நெருங்கும்போது யூதக் குடும்பங்களில் வீடே தலைகீழாகிவிடும். கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களில் புளித்த எதுவும் அந்த நாட்களில் வீட்டில் இருக்கக் கூடாது. ரொட்டிக்குப் பதில் மாட்சா: தண்ணீர் பட்ட மாவை 18 நிமிடங்களுக்குள் சுட்டெடுத்த புளிப்பில்லாத அப்பம். இஸ்ரேலில் 7 நாள், வெளியே பெரும்பாலும் 8 நாள் இந்த ஒழுங்கு.

விதி எளிது, வீடுதான் சிக்கல். இருமல் மருந்தில் மாவுச்சத்து உண்டா? பூனைக்கு எதைப் போடுவது? பழைய அடுப்பை எப்படிச் சுத்தம் செய்வது? முன்பு அம்மாவிடமோ தெருக்கோடி ரபியிடமோ (யூத மதகுரு) போன கேள்விகள் இன்று கைப்பேசிக்குப் போகின்றன. யூத உணவு விதிக்கு ஏற்றது (கோஷர்) என்று சான்று தரும் அமைப்புகள் ஆண்டுதோறும் பொருள்வாரியாகப் பட்டியல் வெளியிடுகின்றன. புளித்த பொருட்களை யூதரல்லாத ஒருவருக்குச் சட்டப்படி விற்று, பண்டிகை முடிந்து திரும்பப் பெறும் பழைய ஏற்பாட்டையும் இணையப் படிவம் ஒன்றை நிரப்பி முடித்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை; துடைப்பமும் பட்டியலும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான்.

ஆனால் வேலை குறைந்ததோடு கதை முடியவில்லை. வீட்டில் யார் சொல் செல்லும் என்பதும் மாறிவிட்டது. ஹய்ம் சொலவெய்ச்சிக் என்ற வரலாற்றாசிரியர் 1994இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்த மாற்றத்தை இணையம் பரவுவதற்கு முன்பே கண்டார். பார்த்துப் பழகி வந்த நடைமுறை பின்வாங்கி, நூலில் எழுதியிருப்பதே அளவுகோலாகிறது என்றார். பஸ்கா இரவில் ஓர் ஆலிவ் காய் அளவு மாட்சா உண்ண வேண்டும் என்பது விதி. நூல்கள் அதை முட்டையைக் கொண்டு கணக்கிட்டன. 18ஆம் நூற்றாண்டில் பிராகாவின் ரபி எஹெஸ்கேல் லாண்டாவ், முட்டைகள் பாதியாகச் சிறுத்துவிட்டன, எனவே அளவை இரட்டிப்பாக்க வேண்டும் என்று முடிவு செய்தார். வீடுகள் அதை அதிகம் கண்டுகொள்ளவில்லை. தாத்தா எவ்வளவு தின்றாரோ அவ்வளவுதான் அளவு. இன்று வழிகாட்டிகள் கிராம் கணக்கில் அட்டவணை போடுகின்றன. அட்டவணைக்கு முன்னால் தாத்தாவின் வாய் எடுபடாது.

அரிசி விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஐரோப்பிய மரபின் அஷ்கனாசி யூதர்கள் பஸ்காவில் அரிசியையும் பருப்பு வகைகளையும் தவிர்த்து வந்தவர்கள். (அவர்களிலும் கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக் குழு 2015இல் இவற்றை அனுமதித்தது.) ஈராக் யூதர்களுக்கு அரிசி உண்டு. நமக்குப் பக்கத்தில் கொச்சி யூதர்களுக்கும் உண்டு. அவர்களுடைய பெண்கள் பல வாரங்களுக்கு முன்பே அரிசியையும் மசாலாப் பொருட்களையும் பொறுக்கிச் சுத்தம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் கண்டிப்பு எந்த அமைப்பின் சான்றுக்கும் குறைந்ததல்ல. ஆங்கிலத்தில் தேடினால் முதலில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அமெரிக்க அஷ்கனாசிப் பார்வையில் எழுதியவை. கொச்சியிலிருந்து இஸ்ரேலுக்கோ அமெரிக்காவுக்கோ போன குடும்பத்தின் பேத்தி அதைப் படித்தால், பாட்டி பிழை செய்தாள் என்றே நினைப்பாள். இது எந்த ஊர் வழக்கம் என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரி எழுதுவது அவ்வளவு கடினமா?

கண்டிப்பு ஒருபுறம் ஏற, மறுபுறம் நெகிழ்வும் வந்திருக்கிறது. பஸ்கா இரவின் சேடர் விருந்தில் வாசிக்கும் நூல் ஹகாதா. அதை அவரவரே தொகுத்துக்கொள்ளத் தளங்கள் உள்ளன. அரை மணி நேரத்தில் முடியும் சுருக்கங்களும் உண்டு. மரபு போயிற்று என்று புலம்புவோருடன் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் மிகவும் பரவிய ஹகாதாக்களில் ஒன்று, 1932 முதல் மேக்ஸ்வெல் ஹவுஸ் காப்பி நிறுவனம் விளம்பரத்துக்காக வெளியிட்டு வந்தது. காப்பிக்கொட்டை பஸ்காவுக்கு ஆகும் என்று வாடிக்கையாளரை நம்பவைக்கும் முயற்சியில் பிறந்த அந்தப் புத்தகம், பிறகு பல வீடுகளில் திராட்சை ரசக் கறையுடன் தலைமுறை தாண்டியது. செஃபாரியா போன்ற இலவச இணைய நூலகம் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைக்கிறது; காப்பி விளம்பரத்தைவிட இது எவ்வளவோ மேல்.

மரபு அறுந்துபோன குடும்பங்களுக்கு இந்தத் தளங்கள் உயிர்நாடி. சோவியத் ஒன்றியத்தில் 1960களின் தொடக்கத்தில் பல நகரங்களில் மாட்சா சுடுவதற்கே தடை இருந்தது. அங்கே வளர்ந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கேட்கப் பாட்டி இருந்தாலும், பாட்டிக்குச் சொல்ல நினைவில்லை. அவர்களிடம் போய் மரபைப் பார்த்துப் பழகு என்பது வெறும் பேச்சு. பாட்டி இன்னும் இருக்கும் வீடுகளோ முதலில் அவளைக் கேட்டு, அவள் பாடும் மெட்டைப் பதிவு செய்துவிட்டு, பிறகு தேடலாம்.

2020இல் பஸ்கா தொடங்கிய ஏப்ரல் 8 இரவையொட்டி, மரபா இணையமா என்ற இந்த விவாதம் உச்சத்தைத் தொட்டது. ஆச்சாரமான வீடுகளில் பண்டிகை நாளில் மின்கருவிகளை இயக்குவதில்லை. சூரியன் மறைந்ததும் இணையத்தின் பங்கு முடிந்துவிடும். கொரோனா முடக்கத்தில் முதியவர்கள் தனித்திருந்ததால், இஸ்ரேலில் வட ஆப்பிரிக்க மரபு ரபிகள் சிலர், பண்டிகை தொடங்குமுன்பே கணினியை இயக்கிவிட்டுக் காணொளியில் சேடர் நடத்தலாம் என்றனர். தலைமை ரபிகள் மறுத்தனர். தனிமையில் வாடும் முதியவரின் பக்கம் நின்றவர்களே சரி என்பது என் எண்ணம். தனியாக இருப்பவர் சேடரின் கேள்விகளைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று யூதச் சட்ட நூலான தல்மூத் சொல்வது உண்மைதான். ஆனால் மகன் திரையில் வந்து கேட்க முடிந்தபோது அந்தத் தண்டனை எதற்கு?

இணைய வழிகாட்டிகளில் குழந்தைகளுக்கான பகுதியில்தான் எனக்கு மனத்தாங்கல். சேடரின் பல சடங்குகள் பிள்ளைகளைத் தூங்கவிடாமல், ‘ஏன் இப்படி?’ என்று கேட்கவைக்க ஏற்பட்டவை. இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபட்டது என்ற கேள்வி மனப்பாடமாகிப் பல நூற்றாண்டுகள் ஆயிற்று, அதற்கு இணையம் பொறுப்பில்லை. ஆனால் வண்ணம் தீட்டும் தாள், புதிர், கார்ட்டூன் என்று சேடர் தட்டிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வாரம் முன்பே விடை தந்துவிட்டால், கசப்புக் கீரையை உப்புநீரில் தோய்த்த காய்கறியோடு மேசையில் பார்க்கும் ஆறு வயதுக் குழந்தைக்குக் கேட்க என்ன மிஞ்சும்? வழிகாட்டிகளைப் பெற்றோர் படிக்கட்டும். கார்ட்டூன்கள் சேடர் முடிந்து மீதி நாட்களுக்கு ஆகும். பள்ளி விடுமுறையில் எப்படியும் அவை தேவைப்படும்.