மலைமுகடும் மறைக்கப்பட்ட மனிதரும்

"மனிதக் காலடி படாத இயற்கை" என்னும் தொடர் எம்மிடையே எவ்வித விசாரணையுமின்றி வழங்கி வருகின்றது. உயர்ந்ததொரு முகட்டின்மேல் நின்று கீழே விரியும் பள்ளத்தாக்கை நோக்கும் பயணக் கட்டுரையாளர், பெரும்பாலும் இத்தொடரைக் கொண்டே தமது வியப்பைத் தொடங்குகின்றார். அம்முகட்டைத் தாம் அடைந்தது யாரோ வெட்டி, யாரோ கல் அடுக்கி, யாரோ ஆண்டுதோறும் செப்பனிடும் பாதை வழியாகவே என்பது அவருடைய வியப்பினுள் அடங்குவதில்லை. இத்தொடர் பொய்யானது என்பதும், சில இடங்களைப் பொறுத்தவரை அது தீங்கான பொய் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும். இதனை நிறுவுவதற்கு, மலைநடைக்கு உலகெங்கும் புகழ்பெற்ற எரிமலைத் தீவாகிய றியூனியனை எடுத்துக்கொள்வது பொருத்தமானது. அத்தீவில் வாழ்வோருள் பெருந்தொகையினர் தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் என்பதனால், அது எமக்கு முற்றிலும் அந்நியமான பொருளுமன்று.

இந்து சமுத்திரத்தில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீற்றர் பரப்புடையது இத்தீவு. அதன் தென்கிழக்கிலுள்ள பித்தோன் த லா ஃபூர்னேஸ் இன்றும் அடிக்கடி குமுறும் எரிமலை. தீவின் நடுவே 3,070 மீற்றர் உயரத்தில் எழும் பித்தோன் தெ நேஜ், பல்லாயிரம் ஆண்டுகளாக ஓய்ந்து கிடப்பது. ஓய்ந்த மலை இடிந்தும், மழையினாலும் ஆறுகளினாலும் அரிக்கப்பட்டும், அதனைச் சூழ்ந்து மூன்று பெரும் கிண்ணப் பள்ளங்கள் தோன்றின. மஃபாத், சலசி, சிலாவோஸ் என்பன அவற்றின் பெயர்கள். மஃபாத் பள்ளத்தின் மேற்கு விளிம்பிலுள்ள மாயிதோ என்னும் இடம் வரை மோட்டார் வண்டியிற் செல்லலாம். அங்கிருந்து 2,898 மீற்றர் உயரமுள்ள கிரான் பெனார் சிகரத்தை நோக்கி முகட்டோரமாகவே ஒரு நடைபாதை ஏறுகின்றது. இடப்புறம் ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட செங்குத்துப் பாறைச் சரிவு; வலப்புறம் மேற்குக் கடல்வரை தாழ்ந்து செல்லும் சாய்தளம். காலை ஒன்பது பத்து மணிக்கெல்லாம் முகில் எழுந்து பள்ளத்தை நிரப்பிவிடுமாதலால், காட்சியை விரும்புவோர் விடியுமுன்னரே புறப்படுவர்.

அக்காட்சி அழகானது என்பதை எவரும் மறுக்கப் போவதில்லை. ஆயின் அப்பாதை வழியே முதன்முதல் இருளில் நடந்தவர் யாவர்? கிரான் பெனாருக்குச் செல்லும் வழியில், நிலத்திலே தோண்டப்பட்ட குழிகள் இன்றும் காணப்படுகின்றன. அவ்விடத்தின் பெயரே "பனிக்கட்டிக் கிடங்கு" என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்தான். 19 ஆம் நூற்றாண்டில், குளிர்கால இரவுகளில் அவ்வுயரத்தில் உறையும் பனிக்கட்டி அக்குழிகளிற் சேர்த்து வைக்கப்பட்டது. அடிமைகள் அதனைச் சுமந்து, வெயில் ஏறுமுன்னர் சென் போல் கரையோரத்துச் செல்வர் வீடுகளுக்கு இறக்கினர். கடல் மட்டத்திலே, அயனமண்டல வெப்பத்திலே, தோட்ட முதலாளியின் பானம் குளிர்ந்திருப்பதற்காக இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் ஏறி இறங்கிய கால்களே அம்முகட்டுப் பாதையை மிதித்துப் பதித்தவை. பொழுதுபோக்கிற்காக இன்று நடப்போருக்கு அதே தூரம் முழுநாட் களைப்பைத் தருகின்றது என்று அவர்களே பெருமையுடன் எழுதுகின்றனர். உருகும் சுமையோடும், உருகினால் வரக்கூடிய தண்டனையின் அச்சத்தோடும் நடந்தவர்கள் எதனையும் எழுதிவைக்கவில்லை.

வலப்புறத்துச் சாய்தளத்தின் வரலாறு இவ்வாறாயின், இடப்புறத்துப் பள்ளத்தின் வரலாறு இன்னும் ஆழமானது. 1663 ஆம் ஆண்டில் இரு பிரெஞ்சுக்காரரும் பத்து மலகாசியரும் அத்தீவிற் குடியேற வந்தனர். சிறிது காலத்துள் பிணக்கு மூண்டு, மலகாசியர் மலைகளுக்குள் ஓடி ஒளித்தனர். ஆகவே அத்தீவின் குடியேற்ற வரலாறும் மலைக்குத் தப்பியோடிய வரலாறும் ஒரே காலத்தில் தொடங்குகின்றன. 18 ஆம் நூற்றாண்டிற் கோப்பிப் பயிர்ச்செய்கை பெருக, மடகாஸ்கரிலிருந்தும் ஆபிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகள் ஆயிரக்கணக்கிற் கொண்டுவரப்பட்டனர். தப்பியோடுவோரின் தொகையும் பெருகிற்று. 1723 ஆம் ஆண்டின் அடிமைச் சட்டம் அவர்களுக்கு விதித்த தண்டனைகளை அப்படியே எடுத்துக்கூறுவது அவசியமாகின்றது. ஒரு மாதம் தலைமறைவாக இருந்து பிடிபட்டவனுக்குக் காதுகள் வெட்டப்பட்டுத் தோளிற் சூட்டுக்குறி இடப்படும். இரண்டாம் முறை பிடிபட்டால் குதிகால் நரம்பு அறுக்கப்பட்டு மற்றைத் தோளிலும் குறியிடப்படும். மூன்றாம் முறை மரணம். நடப்பதற்குரிய உறுப்பையே சட்டம் தண்டித்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். மலைநடை என்பது அக்காலத்திற் குற்றங்களுள் ஒன்றாயிருந்தது.

அவர்களை வேட்டையாடுவதற்கெனக் குடியேறிகளிலிருந்து படைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. கொல்லப்பட்டவனின் வெட்டிய கையைச் சான்றாகக் கொணர்ந்தால் பரிசு கிடைத்தது. அவ்வேட்டைக்காரருட் பெயர்பெற்றவன் பிரான்சுவா முசார். மஃபாத் என்பது, 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவன் கையால் மாண்டதாகக் கூறப்படும் தலைவன் ஒருவனின் பெயர். சிமந்தெஃப் என்னும் சிகரமும் திமித்தில் என்னும் சிகரமும் அத்தகைய தலைவர்களின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. சிமந்தெஃப் என்பதற்கு மலகாசி மொழியில் "அடிமையல்லாதவன்" என்று பொருள் கூறுவர். சிலாவோஸ் என்பதற்கு "விட்டு நீங்காத இடம்" என்னும் விளக்கம் பரவலாக வழங்குகின்றது. உல்லாசப் பயணி நாவினிக்க உச்சரிக்கும் பெயர்கள் இவை. அழகிய காட்சிக்கு அமைந்த அலங்காரச் சொற்கள் என்று அவர் அவற்றைக் கருதுகின்றார். உண்மையில் அவை ஓர் இறந்தோர் பட்டியல்.

முகட்டில் நிற்பவரை மெய்சிலிர்க்க வைக்கும் அந்தச் செங்குத்துச் சரிவுதான் அம்மக்களைக் காத்த அரண். குதிரை ஏற முடியாமை, படை அணிவகுக்க முடியாமை, வழி தெரியாதவன் கீழே இறங்க முடியாமை ஆகிய குணங்களுக்காகவே அவர்கள் அவ்விடத்தைத் தேர்ந்தனர். இன்று "கம்பீரம்" என்று நாம் கூறுவதும் அன்று "பாதுகாப்பு" என்று அவர்கள் அறிந்ததும் ஒரே பாறைதான். இதனை அறியாது அப்பாறையை வியப்பவன் அதன் பாதியையே காண்கின்றான்.

இங்கு அழகியல்வாதிகள் ஓர் ஆட்சேபத்தைக் கிளப்புவர். அழகு தன்னளவில் நிறைவானது. பூவை முகர்வதற்குத் தாவரவியல் வேண்டியதில்லை. அவ்வாறே மலையை இரசிப்பதற்கு வரலாறு வேண்டியதில்லை என்பர். இவ்வுவமை பொருந்தாது. பூவிற்குப் பூ என்று பெயரிட்டவன் அதனுள் மறைந்திருந்து உயிர் தப்பியவன் அல்லன். மேலும், வரலாறு வேண்டாம் என்போர் வரலாறின்றி எழுதுவதுமில்லை. "தூய்மையான", "கன்னிமை கெடாத", "கண்டுபிடிக்கப்படாத" முதலாய அடைமொழிகளை அவர்கள் தாராளமாகக் கையாளுகின்றனர். இவை ஒவ்வொன்றும் அவ்விடத்தில் எவரும் இருந்ததில்லை என்னும் வரலாற்றுக் கூற்றேயாகும். அக்கூற்று பிழையானது என்பதே எமது முறைப்பாடு. சிலாவோஸ் பள்ளத்துக்கு மேலே, இரண்டாயிரம் மீற்றரைத் தாண்டிய உயரத்தில், 2011 ஆம் ஆண்டளவில் தொல்லியலாளர் அகழ்ந்தபோது, காரையின்றிக் கல் அடுக்கிக் கட்டப்பட்ட இரு சிறு குடில்களின் எச்சமும், உண்ணப்பட்ட பறவைகளின் எலும்புகளும் வெளிப்பட்டன. தப்பியோடியோர் அக்குளிரில் வாழ்ந்தமைக்கு மண்ணே தந்த சாட்சி அது.

தனிப்பட்ட பயண எழுத்தாளரின் அறியாமையாக மட்டும் இது இருப்பின் மன்னித்துவிடலாம். நிறுவனங்களும் இவ்வாறே நோக்கியுள்ளமைதான் விவாதத்துக்குரியது. றியூனியனிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தூரத்தில் மொறீசியசுத் தீவு உள்ளது. அங்குள்ள லெ மோர்ன் என்னும் 556 மீற்றர் உயரமான எரிமலைப் பாறையும் தப்பியோடிய அடிமைகளின் புகலிடமாயிருந்தது. 2008 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனைப் பண்பாட்டு நிலத்தோற்றமாக, அடிமைத்தனத்துக்கு எதிரான எதிர்ப்பின் சின்னமாக, உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இரண்டு ஆண்டுகள் கழிந்து, 2010 இல், றியூனியனின் சிகரங்களும் பள்ளங்களும் மதிற்பாறைகளும் அதே பட்டியலில் இடம்பெற்றன. அங்கு கொள்ளப்பட்ட அளவுகோல்கள் இரண்டு: இயற்கை எழில், உயிரினப் பல்வகைமை. இரு தீவுகளும் ஒரே எரிமலைத் தொடரிற் பிறந்தவை. ஒரே கம்பனியின் கீழ் ஒரே அடிமை வணிகத்தினால் நிரம்பியவை. எனினும் ஒன்று வரலாறாகவும் மற்றையது இயற்கையாகவும் பதியப்பட்டன. பட்டியலுக்கு விண்ணப்பிப்பது அவ்வந்நாட்டு அரசே என்பதை நினைவிற் கொண்டால் இவ்வேறுபாட்டின் காரணம் ஓரளவு விளங்கும். மொறீசியசு 1968 இல் சுதந்திரம் பெற்ற நாடு. றியூனியன் இன்றும் பிரான்சின் ஒரு மாவட்டம். தன் மலையைப் பற்றித் தானே பேசுவதற்கும் தனக்காகப் பிறர் பேசுவதற்குமுள்ள தூரம் அது.

இயற்கைப் பாதுகாப்பை இகழ்வது எமது நோக்கமன்று. ரோஷ் எக்ரித் என்னும் முகட்டை அண்டிய காட்டில், உலகில் வேறெங்குமில்லாத ஒரு சிறு பறவையினம் அழிவின் விளிம்பில் வாழ்கின்றது. அதன் முட்டைகளைத் தின்னும் எலிகளை ஒழிக்கும் பணி போற்றத்தக்கது. ஆயின் அவ்வெலிகளும் கப்பலேறி வந்தவையே. பறவையின் கதைகூட மனித வரலாற்றுக்கு வெளியே நிற்கவில்லை. (ரோஷ் எக்ரித் என்பதற்கு "எழுதப்பட்ட பாறை" என்பது பொருள். ஏறிச் சென்றவர்கள் தம் பெயர்களை அங்கு பொறித்துவைத்தமையால் வந்த பெயர் அது. பொறித்தவர் யார், பொறிக்க அஞ்சியவர் யார் என்பது தனியே ஆராயத்தக்கது.)

பாதை தானாக நிற்பதுமில்லை. 1966 ஜனவரி 7, 8 ஆம் திகதிகளில், சூறாவளியொன்றின்போது, இத்தீவின் ஃபொக் ஃபொக் என்னுமிடத்தில் 24 மணித்தியாலத்தில் 1,825 மில்லிமீற்றர் மழை வீழ்ந்தது. உலகில் இதுவரை பதிவான ஒருநாள் மழைவீழ்ச்சியுள் இதுவே மிகக் கூடியது. யாழ்ப்பாணத்தில் ஓராண்டு முழுவதும் பெய்வதிலும் அதிகமான மழை ஒரே நாளில்! அத்தகைய மண்ணில் ஒரு நடைபாதை நிலைத்திருக்கின்றதெனின், அதன் பின்னே ஓயாத உழைப்பு உள்ளது. 1932 இல் மோட்டார் பாதை திறக்கப்படும்வரை, சிலாவோசின் வெந்நீரூற்றுகளை நாடிய செல்வந்த நோயாளரைச் சுமைகாரர் நாற்காலியில் வைத்துத் தோளிற் சுமந்தே சென்றனர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. எமது மலைநாட்டிலும் அண்மையில், பழைய தேயிலைத் தோட்டப் பாதைகளை இணைத்து 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் "பீக்கோ" நடைபாதை அமைக்கப்பட்டுள்ளது. அதன் அழகைப் புகழ முனைவோர் அப்பாதைகளிற் கொழுந்துக் கூடையுடன் நடந்தவர்களைப் பற்றி எத்தனை வரி எழுதுகின்றனர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி, எம்மவரை நோக்கியும் ஒரு வார்த்தை. 1848 டிசம்பர் 20 ஆம் திகதி றியூனியனில் அடிமைத்தனம் ஒழிக்கப்பட்டு, ஏறத்தாழ 60,000 பேர் விடுதலை பெற்றனர். கரும்புத் தோட்டங்களில் அவர்களின் இடத்தை நிரப்புவதற்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழரும் தெலுங்கரும் பெருந்தொகையிற் கொண்டுசெல்லப்பட்டனர். 1882 இற் பிரித்தானிய இந்திய அரசு அதனைத் தடுத்து நிறுத்தும்வரை அது நீடித்தது. அவர்களின் சந்ததியினரை இன்றும் "மல்பார்" என்றே அழைக்கின்றனர். இலங்கைத் தமிழரையும் ஒரு காலத்தில் ஐரோப்பியர் மலபாரியர் என்று எழுதிவைத்தமை எமக்கு நினைவிருக்கும். றியூனியன் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் கோவிற் கோபுரங்களையும் தீமிதிப்பையும், பிரெஞ்சு எழுத்தில் உருமாறி நிற்கும் இராமசாமி, முத்துசாமி முதலிய குடும்பப் பெயர்களையும் கண்டு பூரிப்பதோடு அமைந்துவிடுகின்றன. கடல்கடந்த தமிழ்ப் பெருமை என்று இதற்குத் தலைப்பிடுகின்றனர். தமிழரைக் கரையிலே கண்டு பெருமைப்படுவோர் மலையை வெறும் இயற்கையாக விட்டுவிடுவது, பிரெஞ்சுப் பயணக் கையேட்டின் நோக்கையே தமிழில் வழிமொழிவதாகும். எம் முன்னோர் கைப்பிடித்த கரும்புவெட்டும் கத்தி, அதற்கு முன்னர் மலகாசியரும் ஆபிரிக்கரும் கைவிட்டு மலையேறிய கத்தி. அம்மலையேற்றம் எங்கள் வரலாறு என்று உரிமை கொண்டாடவும் நாம் தகுதியுடையோரல்லோம், அது அவர்களுடையது. எமது வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு அது தெரிந்திருத்தல் வேண்டும் என்பதே நாம் கூறக்கூடியது.

மஃபாத் பள்ளத்துள் இன்றும் மோட்டார் பாதை இல்லை. சில நூறு மக்கள் சிற்றூர்களில் வாழ்கின்றனர். தப்பியோடியோரின் காலத்துக்குப் பின்னர், கரையில் நிலமிழந்த ஏழை வெள்ளையரும் விடுதலையடைந்தோரும் அங்கு குடியேறியதன் தொடர்ச்சி அவர்கள். இவ்ரின் போசே என்னும் தபாற்காரர் நாற்பது ஆண்டுகளாக அவர்களுக்குக் கடிதங்களைக் கால்நடையாகவே கொண்டுசென்றார். அரிசியும் சீமெந்தும் இப்போது ஹெலிகொப்டரில் இறங்குகின்றன. 1989 முதல் ஆண்டுதோறும் தீவைக் குறுக்கறுத்து நடைபெறும் பெரும் ஓட்டப்போட்டியின் வீரர் ஆயிரக்கணக்கில் அவ்வூர்களின் வழியே கடந்து செல்கின்றனர். நடைப்பயணிகளுக்கு உணவும் படுக்கையும் கொடுப்பதே அங்கு பல குடும்பங்களின் சீவனோபாயம். பள்ளத்தின் நிலமோ பொதுநிலம். வனத் திணைக்களத்தின் நிருவாகத்தில் உள்ளது. மாயிதோ முகட்டில் நிற்பவர் கீழே புள்ளிகளாகக் காணும் அக்கூரைகளின் கீழ் தலைமுறை தலைமுறையாக வாழ்வோர், தாம் நிற்கும் மண்ணுக்கு இன்றும் குத்தகைக்காரரே.