தலையை எண்ணுறோமா, காலை எண்ணுறோமா?



தைப்பூசம் முடிஞ்ச மறுநாளே வாட்ஸ்அப்பில் வலம் வருது: "பத்துமலையில் 16 லட்சம் பக்தர்கள்!" நாங்கள் கிள்ளானிலிருந்து பந்தல் போடப் போகிற தொண்டூழியர்கள். கூட்டம் பெருசுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனா இந்த எண்ணை ஏத்துக்க முடியலை.

2020 கணக்கெடுப்புப்படி நாடு முழுக்க நம்மவங்க ஏறக்குறைய 20 லட்சம். அதே நாளில் பினாங்கு தண்ணீர்மலையும் நிரம்புது, ஈப்போ கல்லுமலையும் நிரம்புது. அப்புறம் பத்துமலைக்கு மட்டும் 16 லட்சம் எங்கிருந்து வரும்? சீனப் பக்தர்களையும் சுற்றுப்பயணிகளையும் சேர்த்தாலும் இடிக்குது.

நடக்கிறது இதுதான். ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளிரதத்தோடு நடந்து வந்தவரே, மறுநாள் தம்பியோட பால்குடத்துக்கும் வர்றார். பூசத்தன்று அம்மாவைக் கூட்டிக்கிட்டு இன்னொரு தடவை. மூணு நாளையும் கூட்டினா அவர் மூணு பேர். கோமுட்டர் ரயிலில் போனது ஒண்ணு, திரும்பினது ஒண்ணுன்னு எண்ணினா ஆறு பேர்!

அன்னதானம் இன்னும் மோசம். ஒவ்வொரு பந்தலும் "இத்தனை ஆயிரம் பேருக்குச் சோறு போட்டோம்"னு படம் போடுது. முதல் பந்தலில் மோர், அடுத்ததில் தயிர்சாதம், அதுக்கடுத்ததில் கேசரி வாங்கினவர் ஒரே ஆள். அந்தக் கூட்டுத்தொகையை நம்பி அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு மூட்டை அரிசி வேகுது. மத்தியானம் சோறு கால்வாயில் கிடக்கும். விடியக்காலம் காவடி இறக்கினவருக்கு ஒரு வாய் தண்ணி கிடைக்காது. கழிப்பறைக்கும் இதே கதிதான். மூணு நாள் மொத்தம் தெரிஞ்சு என்ன பயன்? கூட்டம் உச்சத்தில் இருக்கிற ஒரு மணி நேரத்தில் கீழே எத்தனை பேர் நிக்கிறாங்க, அந்த 272 படியில் எத்தனை பேர் இருக்காங்க, அதுதான் வேணும்.

"சாமி காரியத்தில் கணக்குப் பாக்கலாமா?"ன்னு கேட்பாங்க. உண்டியலைத் திறந்தா சாட்சி வெச்சு கடைசி சென் வரைக்கும் எண்ணுறோமே. ஒரே நோட்டை ரெண்டு தடவை எண்ணினா விடுவோமா? "பெரிய எண் காட்டினாத்தான் அரசாங்கம் மதிக்கும்"கிறவங்களுக்கு ஒண்ணு: கணக்கெடுப்பு எடுத்ததே அவங்கதான்.

பந்தல் பொறுப்பாளர்களே, இந்த வருஷம் எத்தனை பேர்னு எழுதாதீங்க. எத்தனை பொட்டலம் கட்டினீங்க, எத்தனை மிச்சம்னு எழுதுங்க. உங்க பந்தல் எந்த நேரம் திறந்திருக்கும்னு இப்பவே கீழே போடுங்க. ராத்திரி 2 மணியிலிருந்து காலை 6 மணி வரை நாங்க நிக்கிறோம். மோரும் சுடுதண்ணியும் இருக்கும். 6 மணிக்கு மேல யாரு?