சிரிப்புக்குப் பின்னால் ஒரு ஆள்

மேடைக்குப் பின்னால் பெரிய கலைஞரைப் பார்த்த கதைகள்னா எனக்கு உசிரு. ஆனா பாதிக்கு மேல 'கை குடுத்தார், கையெழுத்து போட்டார், என்ன எளிமை!' என்பதோடு முடிஞ்சிடும். அதில் சேராத ஒண்ணு, ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்குடையது.

1957 செப்டம்பர். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், கிராண்ட் ஃபோர்க்ஸில் கச்சேரி. லாரி லூபனோ, 21 வயது மாணவர், உள்ளூர்ப் பத்திரிகையில் பகுதிநேர நிருபர். 'அரசியல் கேட்காதே' என்று சொல்லித்தான் ஆசிரியர் அனுப்பினார். ஓட்டல் அறைக்குச் சாப்பாடு போகும்போது கூடவே நுழைந்தவர், கேட்டே விட்டார்.

லிட்டில் ராக்கில் கறுப்பின மாணவர்கள் 9 பேரை ஆளுநர் பள்ளிக்குள் விடாமல் தடுத்த நேரம் அது. ஆம்ஸ்ட்ராங் வெடித்துவிட்டார். அதிபர் ஐசனோவருக்குத் தைரியமில்லை என்றார். அரசு சார்பில் சோவியத் போகவும் மறுத்தார்.

செய்தி நிறுவனம் நம்பவில்லை. மறுநாள் லூபனோ எழுதியதைக் காட்ட, எதையும் எடுக்க வேண்டாம்னு சொல்லி, அடியில் ஒப்புதலும் எழுதிக் கொடுத்தார் மனுஷன். ஒரு வானொலி நிலையம் அவர் இசைத்தட்டுகளைத் தூக்கி எறிந்தது. அவர் பின்வாங்கவில்லை. ஒரு வாரத்தில் அதிபர் ராணுவத்தை அனுப்பினார். இவர் பேசியதால்தான்னு நான் சொல்லமாட்டேன்.

இவரைத்தான் 'வெள்ளைக்காரனுக்குப் பல்லைக் காட்டுபவர்' என்று கறுப்பினக் கலைஞர்களே ஏசினார்கள். என்னைக் கேட்டால், அது ஸ்க்ரீனை மட்டும் பார்த்துட்டு உள்ளே இருக்கிற கோடிங்கை எடை போடற வேலை. சிரிப்பு அவர் தொழில், கருத்து அல்ல.

பெரியவங்களைப் பார்த்தா கையெழுத்து வாங்குங்க, வேண்டாங்கல. கூடவே, கேட்காதேன்னு சொன்ன அந்தக் கேள்வியையும் கேட்டுடுங்க!