மருந்து அடிச்சும் குலை நோய் அடங்கலையா? பூஞ்சைக்கு எதிர்ப்புத்திறன் வருவது எப்படி?

பனி இறங்கும் மாதங்களில் நெல் இலையில் கண் வடிவப் புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கும். அது குலை நோய். உரக்கடையில் கேட்டு ஒரு மருந்து வாங்கி அடிப்பார்கள். அடங்கவில்லை என்றால், அதே மருந்தை டேங்குக்கு இன்னும் கொஞ்சம் கூட்டி அடிப்பார்கள். மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் என மதுரையைச் சுற்றி நெல் போடும் ஊர்களில் இது புதுசு இல்லை.

"பூச்சியும் பூஞ்சையும் மருந்துக்குப் பழகிப்போச்சு" என்று சொல்வதுண்டு. ஆனால் பூஞ்சை பழகுவதில்லை. நடப்பது வேறு. அதைப் புரிந்துகொண்டால்தான், ஏன் அதே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது என்பது விளங்கும்.

வயலுக்குள் என்ன நடக்கிறது?

குலை நோய்ப் பூஞ்சை, இலையில் உள்ள ஒரே ஒரு புள்ளியில் இருந்து நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான வித்துகளைக் காற்றில் விடும். அப்படியென்றால் ஒரு வயலில் எத்தனை கோடி இருக்கும்? அத்தனையும் ஒன்றுபோல இருப்பதில்லை. மருந்து அடிப்பதற்கு முன்னாடியே எங்கோ ஒன்றிரண்டில் மரபணுவில் சின்ன மாற்றம் இருக்கும். சாதாரண நாளில் அந்த மாற்றத்தால் அவற்றுக்கு எந்த லாபமும் இல்லை.

மருந்து அடித்ததும் கணக்கு மாறுகிறது. மற்றவை செத்துவிடும், மாற்றம் உள்ளவை மட்டும் மிஞ்சும். போட்டிக்கு ஆள் இல்லாததால் அவை வேகமாகப் பெருகும். மறுபடியும் அதே மருந்தை அடித்தால் வயல் முழுக்க அவற்றின் வாரிசுகள்தான். அதாவது, மருந்து எதிர்ப்பை உருவாக்குவதில்லை, ஏற்கெனவே இருப்பதைப் பொறுக்கி எடுத்து வளர்த்துவிடுகிறது.

பெரியாறு பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை சுமார் 45 ஆயிரம் ஏக்கர் இருபோக நிலம். ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் என்றால், இந்தப் பொறுக்கி எடுக்கும் வேலையும் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்க வாய்ப்பிருக்கிறது.

எல்லா மருந்துக்கும் இதே கதியா?

இல்லை. மருந்து பூஞ்சையின் எந்த இடத்தைத் தாக்குகிறது என்பதைப் பொறுத்தது.

கார்பென்டாசிம், பூஞ்சையின் செல் பிரிவதற்குத் தேவையான ஒரே ஒரு புரதத்தில் போய் ஒட்டும். அந்தப் புரதத்தில் ஓர் இடம் மாறினாலே மருந்து ஒட்டாது. அசாக்ஸிஸ்ட்ரோபின் போன்றவை பூஞ்சையின் சுவாசத்தை நிறுத்துபவை. அங்கேயும் ஒரே ஒரு மாற்றம் போதும். இந்த வகை மருந்துகள் 1996-ல் சந்தைக்கு வந்தன. இரண்டே வருஷத்தில், 1998-ல், வடக்கு ஜெர்மனியின் கோதுமை வயல்களில் சாம்பல் நோய்ப் பூஞ்சை அவற்றுக்கு அடங்க மறுத்தது.

டெபுகோனசோல், ப்ரோபிகோனசோல், ஹெக்சகோனசோல் போன்ற 'அசோல்' வகைகளில் சரிவு மெதுவாக, படிப்படியாக வரும். முதலில் பத்து நாள் தாங்கிய மருந்து அப்புறம் ஒரு வாரம்தான் தாங்கும். மேங்கோசெப் ஒரே சமயத்தில் பல இடங்களைத் தாக்குவதால், 1960-களில் இருந்து பயன்பாட்டில் இருந்தும் அதற்கு எதிர்ப்பு வருவது அரிது.

தமிழ்நாட்டில் இது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. நீலகிரி உருளைக்கிழங்கைத் தாக்கும் பின்கருகல் நோய், மெட்டலாக்சில் மருந்துக்குக் கட்டுப்படாமல் போனது 1992-ல் ஆய்விதழில் பதிவானது. அந்தக் கிருமி உண்மையான பூஞ்சை இல்லை, பூஞ்சையைப் போன்ற ஒரு நுண்ணுயிரி. ஆனாலும் கதை ஒன்றுதான். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1980-ல், அயர்லாந்திலும் இதே நோய் இதே மருந்துக்கு அடங்கவில்லை.

நெல் குலை நோயிலேயே உதாரணம் வேண்டும் என்றால் ஜப்பானைப் பார்க்கலாம். கார்ப்ரோபாமிட் என்ற மருந்து அங்கே புழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகளிலேயே, 2001-ல், சாகா மாகாணத்தில் தோற்றுப்போனது.

வயலோடு நிற்காத பிரச்சனை

அசோல் மருந்துகள் வயலில் மட்டும் இல்லை, மருத்துவமனையிலும் இருக்கின்றன. மனிதர்களுக்கு நுரையீரலில் பூஞ்சைத் தொற்று வந்தால் கொடுக்கும் முக்கிய மருந்துகள் இதே குடும்பம்தான்.

அந்தத் தொற்றைத் தரும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் பயிரைத் தாக்குவதில்லை. மக்கிய குப்பையிலும் மண்ணிலும் வாழும். ஆனால் பயிருக்கு அடிக்கும் மருந்து அதன் மேலும் விழும். 2012-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், சுற்றுச்சூழலில் எடுத்த இந்தப் பூஞ்சைகளில் 7 சதவீதம் அசோல்களுக்கு அடங்கவில்லை. அவை கிடைத்த இடங்களில் நெல் வயல் மண்ணும் உண்டு, மருத்துவமனை வார்டு காற்றும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகள் பட்டியலில் இது முதல் பிரிவில் இருக்கிறது.

வயல் பூஞ்சை நம் உடம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு மதுரையே சாட்சி. 1994-ல் மூன்று மாதங்களில் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். கிருமி கண்டறியப்பட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் காரணம் பூஞ்சை. மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் இருந்தவர்களுக்குக் கண்ணில் முன்பு அடிபட்டிருந்தது. அந்த ஆய்வு வயல் மருந்தைப் பற்றியது இல்லை. ஆனால் மண்ணில் வாழும் பூஞ்சை மருந்துக்கு அடங்காமல் போனால், நஷ்டம் மூட்டைக் கணக்கோடு முடியாது என்பதை அது உணர்த்துகிறது.

விவசாயிகள் என்ன செய்யலாம்?

• முதலில் நோயை உறுதி செய்யுங்கள். பாக்டீரியா இலைக்கருகலுக்குப் பூஞ்சாணக் கொல்லி அடித்தால் கேட்காது. தாமதமாக அடித்தாலும், அடித்ததும் மழை பெய்தாலும் கேட்காது. இதையெல்லாம் எதிர்ப்புத்திறன் என்று நினைத்துவிடக் கூடாது.

• டப்பாவின் பெயரை மாற்றுவது மருந்தை மாற்றுவது ஆகாது. வேறு வேறு கம்பெனி டப்பாவுக்குள் ஒரே டெபுகோனசோல் இருக்கலாம். லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைப் பாருங்கள்.

• அடுத்த முறை வேறு குடும்ப மருந்துக்கு மாறுங்கள். டெபுகோனசோலுக்குப் பதில் ஹெக்சகோனசோல் அடிப்பது மாற்றமே இல்லை, இரண்டும் அசோல்தான்.

• லேபிளில் உள்ள அளவைக் குறைக்காதீர்கள், கூட்டாதீர்கள். குறைத்தால் அரைகுறை எதிர்ப்பு உள்ளவை தப்பிக்கும். பூஞ்சையின் புரதமே மாறியிருந்தால், கூட்டி அடித்தும் காசுதான் வீண்.

• யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து அதிகமானால் குலை நோயும் அதிகமாகும்.

• கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்வதும், நோயைத் தாங்கும் ரகம் போடுவதும் மருந்து அடிக்கும் தடவைகளைக் குறைக்கும்.

சந்தேகம் இருந்தால், நோய் தாக்கிய பயிரைப் பிடுங்கிக்கொண்டு அருகில் உள்ள வேளாண் விரிவாக்க மையத்துக்கோ மதுரை வேளாண்மைக் கல்லூரிக்கோ போய்க் காட்டலாம். புது மருந்து கண்டுபிடித்துச் சந்தைக்கு வரப் பல வருஷம் ஆகும். கையில் இருக்கும் மருந்து வேலை செய்யாமல் போக, அதே மருந்தை அடிக்கும் சில போகங்களே போதும்.