450 வாட் என்று எழுதினால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கணிப்பொறியைத் தாமே அசெம்பிள் செய்துகொள்ளும் வழக்கம் நம் கல்லூரி மாணவரிடையேயும் பரவி வருகிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் நண்பர்கள் எழுதிக்கொண்டு வரும் பட்டியலைப் பார்த்தால், பிராசஸருக்கு இவ்வளவு, மதர்போர்டுக்கு இவ்வளவு, ரேமுக்கு இவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்கு இருக்கிறது. கடைசி வரியில் மட்டும் "எஸ்.எம்.பி.எஸ். - ஏதாவது ஒன்று" என்றிருக்கிறது. அந்த "ஏதாவது ஒன்று" என்பதை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

எஸ்.எம்.பி.எஸ். செய்யும் வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை முதலில் நேர்திசை ஆக்குகிறது. அப்போது அதன் வயிற்றுக்குள் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும். அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, ஒரு சிறு மின்மாற்றி வழியே இறக்கி, 12, 5, 3.3 வோல்ட் எனப் பிரித்துத் தருகிறது. ஆக, அந்த 325 வோல்ட்டுக்கும் நாம் அரும்பாடுபட்டு வாங்கிய மற்றப் பாகங்களுக்கும் நடுவே நிற்கும் காவற்காரன் இவன் ஒருவனே. பிராசஸர் மட்டமாக இருந்தால் கணிப்பொறி மெதுவாக ஓடும், அவ்வளவுதான். காவற்காரன் மட்டமானவனாக இருந்தாலோ, தான் போகிறபோது மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் உடன் அழைத்துக்கொண்டு போய்விடுவான். வசதியுள்ள வீட்டில் அது ஒரு நஷ்டம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என் போன்றோருக்கு அது அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடன். கணிப்பொறி நின்றாலும் தவணை நிற்காது.

வாட் விஷயத்துக்கு வருகிறேன். சென்னை ரிச்சி தெருவானாலும் நம் ஊர்க் கடையானாலும் ஆயிரம் ரூபாய்க்குள் "450 வாட்" கிடைக்கும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் ஒட்டியுள்ள லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். நான் பார்த்த ஒன்றில் 16 என்றிருந்தது. 12 x 16 = 192 வாட். மீதி எங்கே? 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் ஆம்பியரை அள்ளிப் போட்டுக் கூட்டிக் காட்டியிருக்கிறார்கள். பிராசஸர் தனக்கு வேண்டியதை 5 வோல்ட் லைனிலிருந்து எடுத்த காலத்தில் அது பயன்பட்டிருக்கும். 2000-இல் ஏ.டி.எக்ஸ்.12வி என்னும் வரையறை வந்தபின் பிராசஸருக்கு 12 வோல்ட் லைனே சோறு போடுகிறது. கிராபிக்ஸ் கார்டுக்கும் பெரும்பாலும் அதுவே. 65 வாட் பிராசஸர் போட்டு, தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணிப்பொறி மொத்தமாக 200 வாட்டைத் தாண்டுவது அரிது. பொய்யான 650-ஐ விட மெய்யான 400 நமக்குத் தாராளம். அதற்காகும் கூடுதல் பணத்தைப் பிராசஸரில் ஒரு படி இறங்கியாவது மிச்சம் பிடிக்கலாம் என்பது என் கருத்து.

"80 பிளஸ்" முத்திரை இருந்தால் போதாதா என்பார் சிலர். 2004-இல் தொடங்கிய அத்திட்டம் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை அளக்கிறது. நல்ல அடையாளந்தான். ஆனால் ஷார்ட் ஆனாலோ வோல்ட் எகிறினாலோ பெட்டி தானே அணைந்துகொள்ளுமா என்பதை அது சொல்வதில்லை.

லேபிளில் இன்னொரு வரியும் உண்டு, எவரும் படிப்பதில்லை. இன்புட் 100-240 வோல்ட் என்றிருக்கும், அல்லது 200-240 என்றிருக்கும். எங்கள் ஊரில் விளக்கு வைக்கும் நேரத்தில் 230 என்பது 180-க்கு இறங்கிவிடும். அத்தகைய வீட்டுக்கு இரண்டாவது வகை உதவாது. பெயர் பெற்ற கம்பெனிகளும் அவ்வகையை விற்பதால், பெயரை மட்டும் நம்பியும் வாங்க முடியாது.

"கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது, எஸ்.எம்.பி.எஸ். மட்டம்" என்று விடுதியில் அடிக்கடி கேட்கிறேன். இது அந்தப் பெட்டியின் மேல் வீண் பழி. மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரு சிறு மின்தேக்கிகளை உலோகக் கூட்டோடு இணைத்திருப்பார்கள். எர்த் இல்லாத இடத்தில், இரண்டுக்கும் நடுவே தொங்கும் கூடு பாதி வோல்ட்டில், அதாவது 115 வோல்ட் அளவில் நிற்கும். ஓடும் மின்சாரம் மிகச் சிறிது என்பதால் சுருக்கோடு போகிறது. அந்த வடிகட்டியையே போடாத மலிவுச் சரக்கில் இந்தச் சுருக்கும் இராது! குறை சுவரில் உள்ள மூன்றாவது துளையில். எர்த் கம்பி இறக்காத வீட்டில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பாதிக் காவல்தான்.

கடையில் சோதனை என்று ஒன்று நடக்கும். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, "ஃபேன் சுத்துது பாருங்க தம்பி" என்பார்கள். பாரம் ஏற்றாத வண்டியை எந்த மாடும் இழுக்கும். பாரம் ஏற்றிப் பார்க்க அதிகம் செலவில்லை. கார்களில் போடும் 12 வோல்ட், 60/55 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டை வாங்கி, அவற்றின் 55 வாட் இழைகளை மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையே பக்க இணைப்பாகக் கொடுத்தால் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அரைமணி நேரம் எரியவிட்டு மல்டிமீட்டரை வைத்தால் 11.40-க்குக் குறையாமலும் 12.60-ஐத் தாண்டாமலும் காட்ட வேண்டும். வரையறை அனுமதிப்பது ஐந்து சதவீதம் ஏற்ற இறக்கமே. காட்டாவிட்டால் அன்றே கடைக்குத் திருப்பிவிடலாம். பெட்டியை மட்டும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்தேக்கியில் மின்னூட்டம் நிற்கும்.

நம் துறை ஆய்வகத்தில் மல்டிமீட்டர்கள் இருக்கின்றன. பல்புக்கு நாங்களே காசு போட்டுக்கொள்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஆய்வகத்தைத் திறந்துவைக்கப் பேராசிரியர்கள் இசைந்தால், எந்தத் துறை மாணவரானாலும் தாம் வாங்கியதைக் கடை மாற்றித்தரும் நாள் முடிவதற்குள் கொண்டுவந்து சோதித்துக்கொள்ளலாம்.