கடை லேப்டாப்புக்கு எந்த ஹப்?



மேஜைக் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பில் பில் போடும் கடைகள் நம் திருவண்ணாமலையிலும் பெருகிவிட்டன. கரண்டு போனாலும் கணக்கு நிற்பதில்லை. ஆனால், இப்போது வரும் லேப்டாப்புகள் பலவற்றில் சொருகும் துளைகள் இரண்டோ மூன்றோதான். நமக்கோ பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், எலெக்ட்ரானிக் தராசு, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பென்டிரைவ் என்று ஐந்து வேண்டியிருக்கிறது. ஆகவே, ஒரு துளையைப் பலவாக்கித் தரும் 'ஹப்' என்னும் சிறு பெட்டியை வாங்க வேண்டியதாகிறது.

இதில் யு.எஸ்.பி., தண்டர்போல்ட் என இரு வகை உண்டு. தண்டர்போல்ட் பல மடங்கு விலை. "விலை கூடியதுதான் நின்று உழைக்கும்" என்று சொல்லி அதை நம்மவர் தலையில் கட்டுவதும் நடக்கிறது. பில் போடும் கடைக்கு அது தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது வேகம். 2000-ல் வந்த யு.எஸ்.பி. 2.0 நொடிக்கு 480 மெகாபிட் வேகம் உடையது. 2008-ல் வந்த 3.0-இன் வேகம் 5 கிகாபிட். இன்டெல் நிறுவனம் ஆப்பிளுடன் சேர்ந்து 2011-ல் தண்டர்போல்ட்டைக் கொண்டுவந்தது. அதன் மூன்றாம், நான்காம் பதிப்புகள் 40 கிகாபிட் வரை போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஸ்கேனர் அனுப்புவது ஒரு பொருளுக்குப் பதின்மூன்று இலக்கம். தராசு அனுப்புவது ஓர் எடை. பழைய 2.0 வேகமே இதற்கு மிகுதி. ஏலக்காய் நிறுக்க நெல் மூட்டைத் தராசு எதற்கு?

இரண்டாவது மின்சாரம். ஸ்கேனர் அணைந்து அணைந்து எரிகிறது, தராசு எடை வரவில்லை என்றால் வேகத்தைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குறைவது மின்சாரம்தான். சாதாரண யு.எஸ்.பி. 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 துளை தருவது 900. அடாப்டர் இல்லாத ஹப்பில் சொருகியவை எல்லாம் இதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். "தண்டர்போல்ட் மாற்றியதும் சரியாகிவிட்டது" என்பாரும் உண்டு. அந்த ஹப் தனி அடாப்டரோடு வருகிறது. தொல்லையைத் தீர்த்தது அந்த அடாப்டர்தான். அடாப்டர் உள்ள யு.எஸ்.பி. ஹப்பும் அதே வேலையைச் செய்யும்.

மூன்றாவது பொருத்தம். டைப்-சி துளை பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். துளையருகே மின்னல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பின் விவரத்தாளிலும் சரிபாருங்கள். தண்டர்போல்ட் இல்லாத லேப்டாப்பில் அந்த ஹப்பைச் சொருகினால், பழைய பதிப்பு பெரும்பாலும் வேலையே செய்யாது. புதியது வேலை செய்தாலும் யு.எஸ்.பி. வேகத்தில்தான் செய்யும். கொடுத்த பணம் வீண்.

தண்டர்போல்ட் எவருக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோக்காரர், இரண்டு 4-கே திரைகளும் வேகமான வெளி டிஸ்க்குகளும் வைத்து வேலை செய்பவர், இவர்களுக்கு அந்த விலை நியாயமே.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. தனி அடாப்டர் உள்ள யு.எஸ்.பி. 3.0 ஹப் வாங்குங்கள்.

2. பில் பிரிண்டரை லேப்டாப்பின் சொந்தத் துளையிலேயே சொருகுங்கள். மற்றவை ஹப்பில் இருக்கட்டும்.

3. கையெழுத்து டோக்கனை வேலை முடிந்ததும் கழற்றிப் பூட்டி வையுங்கள்.

4. ஜி.எஸ்.டி. எண்ணிட்ட பில் கேட்டு வாங்குங்கள். இணக்கவரித் திட்டத்தில் இல்லாதவர்கள் உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம்.

5. மிச்சமாகும் பணத்தில் இன்னொரு யு.எஸ்.பி. ஹப் வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டு வையுங்கள்.

ஐந்தாவதை வலியுறுத்திச் சொல்கிறேன். தீபத்தன்றும் பௌர்ணமியன்றும் பில் நின்றால் கிரிவலம் வந்தவர் காத்திருக்க மாட்டார். அடுத்த கடைக்குப் போய்விடுவார். மொத்த வியாபாரத்திலோ, ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் பதிவுபெற்ற வணிகருக்கு அனுப்பும் சரக்கிற்கு 2023 ஆகஸ்டு 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். கம்ப்யூட்டர் நின்றால் லாரியும் நிற்கும். அந்த நேரத்தில் கைகொடுப்பது இழுப்பறையில் இருக்கும் இரண்டாவது ஹப்தான்.

எலெக்ட்ரானிக் பொருள் விற்கும் நம் வணிக நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. எடைக்கல்லுக்கு முத்திரை வைத்து நியாயமாக நிறுத்துக் கொடுப்பவர்கள் நாம். பெட்டியை எடுத்து வைக்கும் முன், "எந்த லேப்டாப், என்னென்ன சொருகுவீர்கள்?" என்று கேளுங்கள். தேவைக்கு ஏற்ற பொருளைக் கொடுங்கள். ஒரு விற்பனையில் லாபம் சற்றுக் குறையலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் மறுபடியும் உங்கள் படியைத்தான் மிதிப்பார்.